முழங்கால் மேஜர்

படையில் எல்லோரும் அவரை முழங்கால் மேஜர் என்றுதான் சொன்னார்கள். பின்னாளில் லெப்டினன்ட் கர்னல் ஆனார், கர்னலாகி ஓய்வும் பெற்றார். அப்போதும் முழங்கால் மேஜர்தான். பட்டப்பெயருக்கு ஏது பதவி உயர்வு?

பத்தொன்பது வயதில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். அப்பா ரயில்வேயில் லைன் பார்க்கிறவர். கையில் சுத்தியலோடு தினமும் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, தளர்ந்த ஆணிகளைத் தேடித் தட்டிவிட்டு வருவது அவர் உத்தியோகம். அம்மா ஆலயத்துப் பாடகர் குழுவில் முதல் வரிசை. மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று வாசலில் நின்று, "சாப்பாட்டையும் ஜெபத்தையும் மறந்துடாதே. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா ஜெபம் பண்ணு. ஆனா ரெண்டுமே முடியும், எனக்குத் தெரியும்" என்றார்.

பயிற்சி முகாமில் ஒரே கூடத்தில் நாற்பது கட்டில்கள். ஐந்து மணிக்கு விசில் ஊதும். இவர் கால்மணி முன்பே எழுந்து கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிடுவார். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் யாரோ அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி வைத்தார்கள். இவர் கட்டிலின் மறுபக்கம் போய் முழங்காலிட்டார். மூன்றாவது வாரம் பயிற்சியாளரே விசிலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்னடா, தரையில எதையாவது தொலைச்சிட்டியா?"

"இல்ல சார். தேடிக்கிட்டிருக்கேன்."

நாற்பது கட்டிலும் குலுங்கிச் சிரித்தது. பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ ஒழுங்காத் தேடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். 'முழங்கால்' அன்றைக்கு ஒட்டிக்கொண்டது; 'மேஜர்' பின்னால் பதவியோடு வந்து சேர்ந்தது.

பயிற்சி முடிந்ததும் பொறியாளர் பிரிவில் கண்ணிவெடி அகற்றும் குழுவில் போட்டார்கள். அதுவும் முழங்காலில் செய்கிற வேலைதான் என்பது கொஞ்சம் வேடிக்கை. ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, முதலில் டிடெக்டரை மண்ணுக்கு மேலே மெதுவாக ஆட்ட வேண்டும். சத்தம் வந்தால் நீள ஊசியைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு, விரல்கடை விரல்கடையாகத் துழாவ வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை வருவது ஆணியோ டப்பா மூடியோதான். அந்தத் தொண்ணூற்றொன்பதையும் நூறாவதைப் போலவே தொடத் தெரிந்தவன்தான் இந்த வேலையில் முடி நரைக்கும் வரை இருப்பான். இவருக்கு அது வந்தது. இருபத்தாறு வயதில் தேர்வெழுதி அதிகாரியானார். அதிகாரியான பிறகும் தினமும் ஒரு முறை தானே மண்டியிட்டு வேலை செய்துவிட்டுத்தான் மேசைக்கு வருவார்.

இருபத்தெட்டு வயதில் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலயத்தை ஒட்டிய அறையில் இருவரையும் பேசவிட்டுப் பெரியவர்கள் வெளியே காத்திருந்தார்கள்.

"வேலையில தப்பு பண்ணீங்கன்னா என்னாகும்?" என்று அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ரெண்டாவது தப்பு பண்ண ஆள் இருக்க மாட்டேன்."

"என் வேலை அதைவிட மோசம். தப்பு பண்றது நான், போய்ச் சேர்றது வேற ஆளு. அதனால எந்த மருந்தை எடுத்தாலும் லேபிளை மூணு தடவ படிப்பேன். எடுக்கும்போது ஒரு தடவ, ஊத்தும்போது ஒரு தடவ, திரும்ப வைக்கும்போது ஒரு தடவ. நீங்க எத்தனை தடவ பாப்பீங்க?"

"ரெண்டு தடவ."

"மூணா மாத்திக்கோங்க. அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

அந்த வாரமே குழுவில் மூன்றாவது முறை பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். முணுமுணுத்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த மூன்றாவது பார்வையில் மட்டும் நான்கு கண்ணிவெடிகள் சிக்கின. அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை. கல்யாணத்துக்கு மொத்தக் குழுவும் வந்து, மணமகனை விட்டுவிட்டு மணமகளுக்கு சல்யூட் அடித்தது.

ஒரே மகள். குழந்தை பிறந்தபோது அவர் மலைப்பாதை ஒன்றில் மண்ணுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார்; பதினோரு நாள் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தார். இழந்ததை ஈடுகட்ட ஒரு வழி கண்டுபிடித்தார். எந்த முகாமில் இருந்தாலும் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குத் தொலைபேசி. மூன்று பேரும் சேர்ந்து ஜெபம்.

"அப்பா, பின்னாடி யாரோ கத்துறாங்க" என்பாள் ஐந்து வயது மகள், ஜெபத்துக்கு நடுவிலேயே.

"சமையல்காரர்மா. சாப்பாட்டுக்குக் கூப்பிடறாரு."

"அப்போ சீக்கிரம் ஆமென் சொல்லுங்க. ஆறிடும்."

அவருடைய விசுவாசத்தைப் பார்த்துச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டதும் உண்டு. ஒரு சிப்பாய் மூன்றாவது பார்வையைத் தாவிவிட்டு, "காலையில நீங்கதான் எங்களுக்காக ஜெபம் பண்ணிட்டீங்களே சார்" என்று சிரித்தான். மேஜர் அவனைக் களத்திலிருந்து வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார். "கடவுள் அவர் வேலையைப் பாத்துக்குவாரு. உன் வேலையையும் சேத்துப் பாக்கச் சொல்லி அவரைக் கூப்பிடாதே" என்றார். அவனுக்கு ஒரு வாரம் வெங்காயம் உரிக்கும் பணி.

இப்படியே வருடங்கள் போயின. அவருக்கு நாற்பத்துநான்கு வயதானபோது எல்லைப்புற மாவட்டம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். சண்டை ஓய்ந்திருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஊரைக் காலிசெய்து ஓடியவர்கள் திரும்பிவந்து, ஊருக்கு வெளியே கூடாரங்களில் காத்திருந்தார்கள். மூவாயிரம் பேர். ஊருக்குள் போகும் ஒரே பாதை பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டித்தான் போகிறது. பள்ளிக்கூடக் கட்டடம் குண்டடி படாமல் முழுதாக நின்றது. ஆனால் அதன் பின்புறம் எதிர்ப்படை கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தது.

சமாதானப் பேச்சில் அந்தப் படையின் வரைபடமும் கைமாறியிருந்தது. ஒரே வரிசையில் இருபத்துமூன்று புள்ளிகள். மேஜரின் முப்பது பேர் ஐந்து வாரம் மண்டியிட்டு இருபத்திரண்டை எடுத்தார்கள். எல்லாம் வரைபடத்தில் சொன்ன இடத்தில் சொன்னபடி இருந்தன. இருபத்துமூன்றாவது மட்டும் இல்லை. மூன்று முறை பார்த்தார்கள். குழுவில் ஒரு சார்ஜன்ட் உண்டு. டிடெக்டர் சத்தத்தைக் கேட்டே ஆணியா கம்பியா என்று சொல்லிவிடுவார் என்பதால் அவரைக் "காது" என்று கூப்பிடுவார்கள். காதே கையை விரித்துவிட்டார்.

"அங்க ஒண்ணும் இல்ல சார். மண்ணு பேசவே மாட்டேங்குது."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது; முதல் தூறல்களிலேயே கூடாரங்களுக்குள் தரை ஈரமாகிவிட்டது. பிரிகேடியர் ஜீப்பில் வந்து, பள்ளிக்கூட வாசலை ஒட்டிய குழாயடியில், அங்கிருந்த ஒரே மரத்தின் நிழலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கெட்ட மனிதர் அல்ல. கூடாரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார்.

"மேஜர், வானத்தைப் பாத்தீங்களா? காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளைங்க மட்டும் அறுபது. இங்க கூரை இருக்கு, சுவர் இருக்கு. கணக்குல ஒண்ணு இடிக்குதுன்னு இத்தனை பேரை மழையில நிறுத்தி வைக்கலாமா?"

"கணக்குல இடிச்சா பரவால்ல சார். கால்ல இடிக்கக் கூடாது."

"மாடு மிதிச்சு வெடிச்சிருக்கும்."

"வெடிச்சிருந்தா குழி இருக்கும் சார். துண்டு துணுக்கு கிடைக்கும்."

"எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்."

"இருபத்திரண்டை அச்சுப் பிசகாம எழுதினவன் சார்."

பிரிகேடியர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "நிலம் சுத்தம்னு சான்றிதழ்ல கையெழுத்து போட முடியுமா, முடியாதா?"

"முடியாது சார்."

மறுநாளே எழுத்தில் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை வேறொரு அதிகாரி வருவார். பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தலைமையகக் கிடங்குக்குப் போக வேண்டும். பதவி உயர்வுக் குழு அந்த மாதம்தான் கூடுகிறது என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். அன்று மதிய உணவில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பதவி போவது அவரைப் பெரிதாக உறுத்தவில்லை. அன்று காலை கூடாரப் பக்கம் போனபோது, தோளில் காய்ச்சல் குழந்தையோடு வழிமறித்த ஒரு தாய் கேட்ட கேள்விதான் தைத்துக்கொண்டிருந்தது. "உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படி ஈரத்துல போட்டு வைப்பீங்களா சார்?" தன் அறைக்கு வந்து, தகரப்பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, வெகுநேரம் அப்படியே இருந்தார். 'ஆண்டவரே, இது என் மனசாட்சியா, என் தலைக்கனமா? எனக்கே தெரியலையே. தலைக்கனம்னா உடைச்சுப் போடுங்க' என்று கேட்டார். பதில் எதுவும் வரவில்லை. வெளியே யாரோ தட்டு கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழு மணிக்கு வீட்டுக்குப் பேசினார். மனைவி முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மூணு தடவையும் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"பாட்டில் இல்லையா?"

"என்னது?"

"போன வருஷம் எங்க ஆஸ்பத்திரியில ஒரு மருந்து காணாமப் போச்சுங்க. பதிவேட்டுல இருக்கு, அலமாரியில இல்ல. அஞ்சாவது அலமாரி, ரெண்டாவது தட்டுன்னு தெளிவா எழுதியிருக்கு. நாலு பேர் ரெண்டு நாள் தேடினோம். கடைசியில பாத்தா, வெள்ளை அடிக்கறதுக்காக அலமாரியையே நகர்த்தி வேற இடத்துல வச்சிருக்காங்க. எழுதினவங்க மேல தப்பில்ல, தேடினவங்க மேலயும் தப்பில்ல. அலமாரிதான் நடந்து போயிடுச்சு."

மேஜர் மேசையிலிருந்த வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "நிலம் நடக்குமா?" என்றார், பாதி தனக்குத்தானே.

"அது உங்க வேலை. நான் மாத்திரை எண்றவ" என்றார் மனைவி. "ஜெபம் பண்ணலாமா? உங்க பொண்ணு பரீட்சைக்குப் படிக்கணுமாம், சுருக்கமா முடிக்கச் சொல்றா."

மறுநாள் விடிந்ததும் வரைபடத்தோடு பள்ளிக்கூடத்தின் பின்புறம் போய் நின்றார். இருபத்துமூன்றாவது புள்ளி வரிசையின் கடைக்கோடியில், ஒரு பழைய வாய்க்காலின் கரையில் இருந்தது. வாய்க்கால் என்று சொல்ல இப்போது ஒன்றுமில்லை. வண்டல் தூர்ந்து, புல் முளைத்து, தரையோடு தரையாகிக் கிடந்தது. அவர் நேராகக் கூடாரங்களுக்குப் போய், அந்தப் பள்ளியில் வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தார். முன்பு அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவைக் கூட்டிவந்தார்கள். ஐம்பது வயது, இடுப்பில் கை, கண்ணில் சந்தேகம்.

"ஆயாம்மா, மழை பெஞ்சா அந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணியெல்லாம் எந்தப் பக்கம் போகும்?"

"அந்த வயித்தெரிச்சலை ஏன் சார் கேக்கறீங்க? பின்னாடி இருக்கிற வாய்க்கால் நெறஞ்சா, சுவத்தோரமாவே சுத்திக்கிட்டு முன்வாசலுக்கு வந்துடும். குழாயடியில குளம் மாதிரி நிக்கும். பின்னாடி போட்ட குப்பையெல்லாம் முன்னாடி வந்து பல்லை இளிக்கும். இருபது வருஷம் கூட்டினேன். எந்த இன்ஜினியருக்காவது புரிஞ்சுதா?"

"எனக்குப் புரியுதும்மா" என்றார் மேஜர். அவர் குரல் மாறியிருந்தது.

இருபத்துமூன்றாவது கண்ணிவெடி உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் வில்லை. எடை அதிகமில்லை. வெள்ளம் கரையை அரித்தால் தண்ணீரோடு உருண்டு போகும். ஒன்பது வருட மழை. குழாயடியோ சந்தேகப் பட்டியலிலேயே இல்லாத இடம். ஐந்து வாரமாகக் குழு முழுவதும் அந்த மர நிழலில்தான் டீ குடித்தது. அடுத்த வாரம் புதுக் குழாய் பதிக்கக் குடிநீர் இலாகா ஆட்கள் கடப்பாரையோடு வரவிருந்ததும் அந்த இடத்துக்குத்தான்.

டீ தம்ளர்களை அப்படியே விட்டுவிட்டு எல்லோரையும் தங்கள் கால்தடத்திலேயே பின்வாங்கச் சொன்னார். கயிறு கட்டினார்கள். காது டிடெக்டரைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கீழ பூரா இரும்புக் குழாய் சார். பைத்தியம் பிடிச்ச மாதிரி கத்துது. இங்க என் காது செல்லாது."

"அப்போ விரல்தான்" என்றார் மேஜர்.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம். ஊசி, சின்னக் கரண்டி, பெயின்ட் பிரஷ். வண்டலை அடுக்கடுக்காக, தோசை அளவு கனத்தில் என்று சொல்வதைவிட, காகித அட்டை அளவு கனத்தில் சீவினார்கள். ஒரு சிலேட்டுக் குச்சி வந்தது. ஒரு பொத்தான். துருப்பிடித்த பூட்டு. சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேஜரின் முறை. அந்த நேரத்தில் அவர் ஜெபம் செய்யவில்லை. அதைக் காலையிலேயே செய்தாயிற்று. இது விரலின் நேரம். முழங்கை ஆழத்துக்குக் கொஞ்சம் மேலே ஊசி எதிலோ மென்மையாக நின்றது. கல்லில் பட்டால் ஊசி கிறீச்சிடும். இது கிறீச்சிடவில்லை. பிரஷால் தள்ளினார். பழுப்பு நிறத்தில், பிறை நிலா வடிவில் ஒரு விளிம்பு தெரிந்தது.

அவர் கையைத் தூக்கினார். முப்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

"இருபத்துமூணு" என்றார்.

அதை இருந்த இடத்திலேயே வெடிக்கவைத்தார்கள். புகை அடங்கியதும் காது தொப்பியை வானத்தில் எறிந்தார். வெங்காயம் உரித்த பழைய சிப்பாய் இப்போது கார்ப்பரல். அவன் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். மேஜர் எழுந்திருக்க முயன்று, கால் மரத்துப்போய், இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

பிற்பகல் பிரிகேடியர் வந்தார். இந்த முறை ஜீப்பை வெகு தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மேஜர் குழிக்கு அருகே காய்ந்திருந்த டயர் தடத்தைக் காட்டினார். குழிக்கும் தடத்துக்கும் இரண்டு சாண் இருக்கலாம். பிரிகேடியர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என் வண்டி" என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"என் டிரைவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு அவனுக்கு." பிறகு நிமிர்ந்து, மேஜரின் தோளில் கை வைத்தார். "நான் தப்பு, மேஜர். அதை எழுத்துலயே தரேன்."

"எழுத்து அப்புறம் சார். பிள்ளைங்க இன்னும் ஈரத்துலதான் இருக்கு. நம்ம பாரக்ஸைக் காலி பண்ணிக் கொடுத்துடலாமா? பசங்க கூடாரத்துல படுத்துக்குவாங்க. எல்லாரையும் கேட்டுட்டேன்."

அன்று மாலைக்குள் அறுபது பிள்ளைகளும் தாய்மார்களும் சிப்பாய்களின் கட்டில்களில் இருந்தார்கள். பிரிகேடியர் தன் அலுவலக அறையையும் திறந்துவிட்டார். வழிமறித்துக் கேள்வி கேட்ட அந்தத் தாய் மேஜரின் கட்டிலில் குழந்தையைக் கிடத்திவிட்டு, அவரைப் பார்த்துக் கும்பிட வந்தார். அவர் வெட்கப்பட்டுத் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். திங்கட்கிழமை வரவேண்டிய அதிகாரியும் வந்தார், இன்னும் முப்பது பேரோடு. பொறுப்பேற்க அல்ல, உதவிக்கு.

உதவி தேவைப்பட்டது. தண்ணீர் போன வழியெல்லாம் இனிப் பார்க்க வேண்டும். ஆயா முன்னால் நின்று கையை நீட்டி நீட்டி வழி சொன்னார். அறுபது பேரும் அவர் சொன்னபடி மண்டியிட்டார்கள். மூன்று வாரம். வேறெதுவும் கிடைக்கவில்லை. மேஜர் நான்காவது முறையும் பார்க்கச் சொல்லி, அதன் பிறகே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

திறக்கும் நாள் காலையில் மூவாயிரம் பேரும் மைதானத்தின் விளிம்பில் வந்து நின்றார்கள். கயிறு அவிழ்க்கப்பட்டது. ஒருவரும் கால் வைக்கவில்லை.

"மேப்புக்கு வெளியிலயே கிடந்துச்சே சார். இன்னும் எங்க எங்க கிடக்கோ!" என்றார் ஒரு பெரியவர். "எதை நம்பிப் பிள்ளைங்கள விடறது?" என்றது இன்னொரு குரல். நியாயமான கேள்வி. மேஜர் முன்னால் போய் நின்று, எப்படியெல்லாம் பார்த்தோம் என்று விளக்கினார். தலையாட்டினார்கள். கால் மட்டும் எழவில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தார், தோளில் பயணப்பையோடு. பின்னால் பதினைந்து வயது மகள். விடுப்பு எடுத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் பேருந்தில் வந்திருக்கிறார்கள். அவர் கூப்பிடவில்லை, வருவதாக அவர்களும் சொல்லவில்லை.

"கையெழுத்து போட்டாச்சா?" என்று மனைவி கேட்டார்.

"போட்டாச்சு."

"மூணு தடவ?"

"நாலு."

"அப்புறம் என்ன?" பயணப்பையைக் கணவர் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "வாடி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

மேஜர் பையோடு அப்படியே நின்றார். ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் நிலத்தைச் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தவர். அதில் நடந்தவர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் மனைவி, யாரோ ஒருவரின் மகள். இன்றுதான் தன்னுடையவர்கள். ஒவ்வொரு அடியும் அவர் நெஞ்சின் மேல் விழுந்தது. அவர் கையெழுத்தையும் அவர் ஆண்டவரையும் ஒன்றாகப் பற்றிக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தின் ஜெபத்தில் ஒரு சொல்கூட இல்லை.

பாதி மைதானம் போனதும் மகள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா! பையைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கறீங்க? வாங்க!" என்று கத்திவிட்டு, தாயின் கையை உதறி ஓட ஆரம்பித்தாள். பின்னல் பறக்க, நேராக, குறுக்காக, வட்டமாக. மேஜர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. காது ஒரு கூவல் விட்டார். அறுபது சிப்பாய்களும் கைகோர்த்து, ஒரே வரிசையாக, பூட்ஸ் அதிர மைதானத்தை மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் ஆயா, கையில் துடைப்பத்தோடு. "ஒன்பது வருஷக் குப்பை. நிக்கறதுக்கு நேரமில்ல, நகருங்க!" என்றார். அதுதான் மக்களுக்குத் தேவைப்பட்டது போலிருக்கிறது. முதலில் நான்கைந்து பேர். பிறகு நூறு பேர். பிறகு எண்ண முடியவில்லை. பாயும் பாத்திரமும் சைக்கிளும் தலையணையுமாக ஊர் தன் வீட்டுக்குப் போயிற்று. யாரோ பள்ளிக்கூட மணியைக் கண்டுபிடித்து அடிக்கத் தொடங்கி, நிறுத்த மனமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மைதானத்தின் நடுவில் மேஜர் மூச்சிரைக்க மனைவியின் பக்கத்தில் நின்றார்.

"அன்னிக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். ஆண்டவர் பதில் சொல்லலைன்னு நினைச்சேன்" என்றார். "சொன்னாரு. உன் குரல்ல."

"அவருக்கு வேற ஆளே கிடைக்கலையா?" என்றார் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொள்வதைக் கணவர் பார்க்காதபடி குனிந்து, புடவை விளிம்பிலிருந்த மண்ணைத் தட்டினார்.

பதவி உயர்வு வந்தது. பிரிகேடியர் தன் தவறை எழுத்தில் எழுதி மேலே அனுப்பியிருந்தார். அதைப் படித்த குழு இரண்டு நிமிடத்தில் முடிவெடுத்ததாகச் சொல்வார்கள். இன்னும் எத்தனையோ வயல்கள், பாலங்கள், கிணற்றடிகள். முப்பத்தோரு வருடப் பணியில் அவர் குழுவில் ஒருவரும் ஒரு விரலைக்கூட இழக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று அதைச் சொல்லிப் பாராட்டினார்கள். "அது கிருபை" என்றார் அவர். "மூணாவது பார்வையும்தான்" என்று மனைவி பக்கத்திலிருந்து திருத்தினார்.

ஆனால் அவரிடம் எந்த நாள் பெரிய நாள் என்று கேட்டால், அந்த மைதானம் திறந்த அன்று மாலையைத்தான் சொல்வார். வெயில் தாழ்ந்திருந்தது. புகைக்கூண்டுகளில் அடுப்புப் புகை எழுந்தது. அவர் தன்னந்தனியாக மைதானத்துக்குப் போய், இருபத்திரண்டு குழிகளும் மூடப்பட்ட அந்தப் பின்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்லலாம் என்று கண்ணை மூடினார். சற்று நேரத்தில் காலில் ஒரு பந்து வந்து மோதியது.

கண்ணைத் திறந்தார். பத்துப் பன்னிரண்டு சிறுமிகள், நடுவில் முகமெல்லாம் புழுதியாக அவர் மகள். எல்லைக்கோட்டுக்குச் செருப்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

"சார்!" என்று ஒரு குட்டிப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதட்டினாள். "ஆட்டத்துக்கு நடுவுல நிக்கறீங்க. கொஞ்சம் நகருங்க!"

மேஜர் சல்யூட் அடித்துவிட்டு நகர்ந்தார்.